தாய்மாமன் காலிலிருந்து உதிர்ந்த கேக்: தள்ளுபடி ஷூ வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

போன மாதம் என் பெரியக்கா மகள் கல்யாணம். காலையில் சிங்கப்பூர் சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலில் தாலி கட்டு, மாலையில் ஹோட்டலில் விருந்து. கோயிலில் எல்லாரும் வெறுங்கால் என்பதால் காலைப்பொழுது தப்பித்தது. மாலையில் கோட்டு சூட்டு மாட்டிக்கொண்டு, அதற்கென்றே வாங்கிய கறுப்பு ஷூவையும் போட்டுக்கொண்டு எம்ஆர்டி ரயிலில் கிளம்பினேன்.

நிலையத்தைவிட்டு வெளியே வந்ததும் வலது காலடியில் ஏதோ ஒட்டி ஒட்டி விடுவது போலிருந்தது. சூயிங்கம்கூட விற்காத ஊரில் என்னதான் ஒட்டுகிறது என்று நினைத்தேனே தவிர, குனிந்து பார்க்கவில்லை. மண்டபத்துக்குள் போய் சந்தனம், கற்கண்டுத் தட்டுப் பக்கத்தில் நின்று வந்தவர்களுக்குக் கும்பிடு போட்டுக்கொண்டிருக்கும்போது, சின்னக்காவின் ஆறு வயது மகன் என் காலைப் பார்த்துக் கத்தினான்: "மாமா, உங்க கால்லேர்ந்து கேக் விழுது!"

திரும்பிப் பார்த்தால், வாசலிலிருந்து நான் நின்ற இடம்வரை வெளிர்நிறக் கம்பளத்தில் கறுப்புத் துணுக்குகள். கறுப்புக் கவுனி அரிசிப் புட்டை யாரோ உதிர்த்துக்கொண்டே வந்த மாதிரி. காலைத் தூக்கினேன். குதிகாலுக்கு அடியில் பாதி இல்லை. மீதி விரலால் தொட்டதும் கையோடு வந்தது. சின்னக்கா வீட்டு மச்சான் ஓடிப்போய் காரிலிருந்து ரப்பர் செருப்பு எடுத்துவந்தார். மேடையில் எடுத்த படத்தில் நான் முழங்காலுக்கு மேல்தான் இருக்கிறேன். அம்மா விடவில்லை: "வேட்டி கட்டி செருப்பு போட்டிருந்தா இந்தக் கேவலம் உண்டா? துரைக்குச் சப்பாத்து கேக்குது."

சரி, வாங்கிய கதைக்கு வருகிறேன். கடை பெயரைப் போடவில்லை, வழக்கு வம்பெல்லாம் எனக்குத் தாங்காது. நகர மையத்தில் ஒரு கடைத்தொகுதியின் கீழ்த்தளம். வாசலில் பெரிய தொட்டி நிறைய ஷூ பெட்டிகள், மேலே சிவப்பு எழுத்தில் கடைசி நாள் விற்பனை என்று ஓர் அட்டை. (அந்த அட்டை அதற்கு முந்திய மாதமும் அங்கேதான் இருந்தது என்று பிறகு மகள் சொன்னாள்.) 159 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) ஷூ 69 வெள்ளி. தோல் மேல்பாகம், மெத்தென்ற அடிப்பாகம், கையில் எடுத்தால் பஞ்சு மாதிரி கனமில்லை. என் அளவு யுகே எண்ணில் 8, பாதம் கொஞ்சம் அகலம். அவர்களிடம் இருந்தது 7-ம் 9-ம்தான்.

விற்ற தம்பிக்கு எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. 7 போட்டேன், விரல் மடங்கியது. "தோல்தானே அண்ணே, போடப் போட இளகிக் கொடுக்கும்." 9 போட்டேன், குதிகால் கழன்றது. "ஜெல் பேட் வச்சா கச்சிதமாயிடும் அண்ணே, பன்னெண்டு வெள்ளிதான்." பக்கத்தில் இறுகுகிறதே என்றேன். "சாயந்திரம் கால் வீங்கியிருக்கும், காலைல பாருங்க." மூன்று பதிலுமே காதுக்கு நியாயமாகத்தான் இருந்தன. எனக்கும் 69 வெள்ளி கண்ணை மறைத்துவிட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன். பேட்டோடு சேர்த்து 81 வெள்ளி கொடுத்துவிட்டு வந்தேன். வீட்டில் ஒரு தடவை போட்டு வரவேற்பறையில் இரண்டு நடை நடந்து, பத்திரமாகப் பெட்டியில் வைத்தேன். அவ்வளவுதான் அதன் உழைப்பு.

கல்யாணம் முடிந்த மறுநாள் சைனாடவுனில் ஐந்தடியில் (கடை முன் நடைபாதையில்) உட்கார்ந்து செருப்புத் தைக்கும் சீன அங்கிளிடம் கொண்டுபோனேன். பசை விட்டுவிட்டது, ஒட்டித் தருவார் என்று நினைப்பு. அவர் உடையாத இடது ஷூவை எடுத்து, அடிப்பாகத்தின் ஓரத்தைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்தினார். நகம் பழைய அல்வாவில் இறங்குவதுபோல் இறங்கியது, குழி அப்படியே நின்றது. ஷூவை லேசாக வளைத்தார், குறுக்கே மயிரிழைபோல் வரிசையாக வெடிப்பு. மலாயும் ஆங்கிலமும் கலந்து அவர் சொன்னது இதுதான்: பசையெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, பசை பிடித்துக்கொள்ளத்தான் ஒன்றும் மிச்சமில்லை. முழு அடிப்பாகமும் மாற்ற 60 வெள்ளி கேட்டார். வேண்டாம் என்றேன்.

அந்த மெத்தென்ற அடிப்பாகம் பாலியூரித்தேன் என்ற செயற்கை நுரை. இந்தப் பொருளில் பல வகைகள் காற்றில் உள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உள்ளே இழுத்து, உள்ளுக்குள்ளேயே இற்றுப்போகும். வெயில் மழை படாமல், பெட்டி திறக்காமல் இருந்தாலும் இது நடக்கும். நம் ஊரில் சராசரி ஈரப்பதமே 80 விழுக்காட்டுக்கு மேல் என்னும்போது கேட்கவே வேண்டாம். அவ்வப்போது போட்டு நடக்கிற ஷூவைவிடப் பெட்டிக்குள் தூங்குகிற ஷூதான் சீக்கிரம் போகும் என்றார் அங்கிள். சாதாரண ரப்பர் அடிப்பாகமும், விளையாட்டு ஷூக்களில் வரும் ஈவிஏ நுரையும் இப்படி மாவாக உதிர்வதில்லை.

அப்படியானால் என் ஷூ எத்தனை நாள் தூங்கியது? வீட்டுக்கு வந்து ஷூவின் நாக்கைத் தூக்கிப் பார்த்தேன். உள்பக்கம் சின்னத் துணி லேபிள், அதில் யுகே, ஈயூ, சென்டிமீட்டர் என்று அளவுகள். அதற்குக் கீழே தள்ளுபடி விலை ஸ்டிக்கர். விலை ஒட்ட உலகத்தில் வேறு இடமே இல்லையா? நகத்தால் சுரண்டினேன். அடியில் தயாரித்த மாதமும் வருஷமும்: 2018. பெட்டியின் பக்கவாட்டிலும் அதே இடத்தை மறைத்து இன்னொரு ஸ்டிக்கர். தற்செயலாக ஒட்டினார்களோ என்னவோ, இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி தற்செயல். எல்லா ஷூவிலும் தேதி இருக்காது. விளையாட்டு ஷூக்களில் பெரும்பாலும் நாக்கு லேபிளில் இருக்கும். இருந்தால் பாருங்கள், அதன்மேல் ஸ்டிக்கர் இருந்தால் கடையிலேயே உரியுங்கள். தேதி இல்லாவிட்டால் நகத்தால் அழுத்தி, வளைத்துப் பாருங்கள். அடிப்பாகம் பிசுபிசுத்தாலோ மஞ்சள் பாரித்திருந்தாலோ தொட்டியிலேயே போட்டுவிட்டு நடையைக் கட்டுங்கள்.

அங்கிள் இன்னொன்றும் செய்தார், எனக்கு அதுதான் பெரிய பாடம். ஷூவுக்குள் இருந்த உள்ளட்டையை உருவித் தரையில் போட்டு, அதன்மேல் ஏறி நிற்கச் சொன்னார். முன்னால் இரண்டு விரல் அகலத்துக்கு இடம் காலி. ஆனால் சுண்டுவிரல் முழுசாக அட்டைக்கு வெளியே தரையில் இருந்தது. அதாவது நீளத்தில் பெரிது, அகலத்தில் சின்னது. ஜெல் பேட் இதில் என்ன செய்யும்? இருந்த இடத்தையும் அது அடைத்துக்கொண்டது, அவ்வளவுதான். தோல் இளகும் என்பது முழுப்பொய் இல்லை. பக்கவாட்டில் கொஞ்சம் கொடுக்கும், நீளத்தில் கொடுக்காது. 7-ஐ வாங்கியிருந்தால் விரல் மடங்கியபடியேதான் இருந்திருக்கும். யுகே அளவில் ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இடையே சுமார் 8.5 மில்லிமீட்டர். அதைப் பேட் வைத்துச் சரிக்கட்டுவது நடக்கிற காரியமில்லை.

இப்போது கடைக்குப் போனால் முதலில் உள்ளட்டையை உருவுகிறேன். உருவ வராத ஷூ என்றால், வீட்டில் தாளில் நின்று பென்சிலால் வரைந்து வெட்டி எடுத்துவந்த என் பாதத்தை அடிப்பாகத்தில் வைத்துப் பார்க்கிறேன். கடைப்பையன்கள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். இரண்டு காலுக்கும் போட்டுப் பார்க்க வேண்டும், எனக்கு இடது கால் அரை சென்டிமீட்டர் கூடுதல் என்பதே 46 வயதில்தான் தெரிந்தது. நின்று பார்க்கும்போது பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இருந்தால் போதும். சாயங்காலம் கால் சற்று உப்பியிருக்கும் என்பது உண்மைதான். அதனால்தான் சாயங்காலம் வாங்க வேண்டும். அந்தத் தம்பி அதையே காரணமாகக் காட்டி இறுக்கமான ஷூவை என் தலையில் கட்டினான், அதுதான் எனக்கு ஆறவில்லை. கடைக் கம்பளத்தில் எல்லா ஷூவும் சுகமாகத்தான் இருக்கும். வெளியே கடைத்தொகுதியின் கல்தரையில் நடக்க விடுவார்களா என்று கேளுங்கள். படி இறங்கிப் பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது, விரல் முன்னால் போய் இடிக்கிறதா என்று அங்கே தெரிந்துவிடும்.

உடைக்கும் இதே கதைதான். அன்றே அந்தத் தம்பி ஒரு சட்டையையும் நீட்டினான். கண்ணாடி முன்னால் நெஞ்சை நிமிர்த்தி நின்றால் பிரமாதம். உட்கார்ந்து கையை முன்னால் நீட்டினேன், பொத்தான்களுக்கு நடுவே பனியன் தெரிந்தது. அதை மட்டும் வாங்காமல் வந்தேன்.

ஷூவோடும் ரசீதோடும் கடைக்குப் போனேன். அந்தத் தம்பி இல்லை. மேலாளர் என்று வந்தவர் முதலில், தண்ணீரில் நனைத்திருப்பீர்கள் என்றார். பிறகு ரசீதின் அடியில் இருந்த வரியைக் காட்டினார்: விற்பனைப் பொருளுக்குப் பணமும் திரும்பாது, மாற்றும் கிடையாது. வாயடைத்துப்போய் வந்துவிட்டேன். பாலிடெக்னிக்கில் படிக்கும் மகள்தான் உட்கார்ந்து தேடினாள். 2012 செப்டம்பரிலிருந்து இங்கே லெமன் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. பொருள் கைக்கு வந்து 6 மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது விற்கும்போதே இருந்ததாகத்தான் கொள்ளப்படும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது கடைக்காரர் வேலை. முதலில் பழுதுபார்த்தோ மாற்றியோ தர வேண்டும். அது முடியாவிட்டால் விலையைக் குறைக்கவோ பணத்தைத் திருப்பவோ வேண்டும். தள்ளுபடிப் பொருள் என்பதால் இது இல்லாமல் போகாது. விற்கும்போதே குறையைக் காட்டிச் சொல்லியிருந்தால் மட்டும் கதை வேறு.

ஒன்றைக் கவனியுங்கள், அளவு தப்பியதற்கு இந்தச் சட்டம் வராது. ஷூ இற்றுப்போனால் கேட்கலாம், ஷூ கடித்தால் கேட்க முடியாது. போட்டுப் பார்த்து வாங்கியது நாம்.

மகள் எழுதித் தந்த மின்னஞ்சலில் ரசீது, உதிர்ந்த அடிப்பாகம், ஸ்டிக்கர் உரித்த லேபிள் மூன்றின் படத்தையும் சேர்த்தோம். சரிவராவிட்டால் பயனீட்டாளர் சங்கத்துக்கும் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்துக்கும் போவோம் என்று கடைசியில் ஒரு வரி. நடுவர் மன்றத்தில் வழக்கறிஞர் தேவையில்லை, 5,000 வெள்ளிக்கு மேற்படாத பயனீட்டாளர் கோரிக்கைக்குக் கட்டணம் 10 வெள்ளி. நான்கு நாள் பதிலே இல்லை. அப்புறம் 69 வெள்ளிக்குப் பற்றுச்சீட்டு (வவுச்சர்) தருகிறோம், கடையில் எது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அந்தத் தொட்டியிலிருந்து இன்னொரு ஜோடியா? ரொக்கம்தான் வேண்டும் என்று எழுதினேன். ஒன்பதாம் நாள் ரொக்கமே கொடுத்தார்கள். ஜெல் பேட்டின் 12 வெள்ளி வரவில்லை, அதற்கு மேல் எனக்கும் தெம்பில்லை.

பணம் வாங்கப் போன அன்று வாசல் தொட்டியை எட்டிப் பார்த்தேன். அதே ஷூ இன்னும் நான்கு பெட்டி, எல்லாம் 7-ம் 9-ம். சிவப்பு அட்டையில் 69-ஐ அடித்து 39 என்று எழுதியிருந்தது. ஒரு பெரியவர் 9-ஐப் போட்டுக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். தம்பி பக்கத்தில் பேட்டோடு நின்றான். நான் பெரியவர் தோளைத் தொட்டு, "அண்ணே, நாக்கைத் தூக்கிப் பாருங்க" என்றேன்.