உபயக் கல் கொத்தித் தந்த பட்டறை

வேலூரிலிருந்து காட்பாடி போகும் வழியில் உள்ள ஒரு கல் பட்டறை. அம்மி, பலிபீடம், திறப்புவிழாக் கல்வெட்டு, இதெல்லாம் அவர்களுடைய அன்றாட வேலை. நான் கேட்டது வேறு: பழைய தென் அரேபிய மாதிரியில் வாசனைப் புகை போடும் ஒரு கல் பீடம்.

ஓமன் நாட்டுச் சலாலாவில் 11 வருஷம் வேலை பார்த்தவன் நான். அங்கிருந்து கிழக்கே போனால் கோர் ரோரி. சும்ஹுரம் என்ற பழைய துறைமுகம் அங்கே இருக்கிறது. ‘ணந்தை கீரன்’ என்று தமிழ் பிராமியில் கீறிய பானை ஓடு கிடைத்ததும் அங்கேதான். பழைய தென் அரேபியர்கள் வாசனைப் புகை போட வைத்திருந்த சின்னக் கல் பீடங்கள் மேல் எனக்கு அப்போதே ஆசை. சதுரக் கல், கீழே குட்டைக் கால்கள், மேலே குழி. சிலவற்றில் பக்கத்துக்கு ஒன்றாக நாலு வாசனைப் பொருளின் பெயர் வெட்டியிருக்கும்: ரந்த், தர்வ், கம்கம், குஸ்த். அந்தக் குஸ்த் வேறொன்றுமில்லை, நம் நாட்டு மருந்துக்கடையில் விற்கும் கோஷ்டம்.

“சாமி பேரா பாய்?” என்றார் ஆச்சாரி. இதில் இல்லை, ஆனால் காணிக்கைக் கற்களில் இன்னார் மகன் இன்னார் அல்மகா தெய்வத்துக்குக் கொடுத்தது என்று வெட்டியிருப்பார்கள் என்றேன். “அட, உபயம்! டியூப்லைட்ல எழுதுறாப்ல” என்றார். நான் அரை மணி நேரம் விளக்க இருந்ததை மனுஷன் ஒரு வார்த்தையில் முடித்துவிட்டார்.

எழுத்தில்தான் சிக்கல். முஸ்னத் என்ற அந்த எழுத்தில் 29 மெய் உண்டு, உயிர் கிடையாது. 2009லேயே யூனிகோடில் சேர்த்துவிட்டார்கள். ஆனாலும் பிரிண்ட் எடுக்கிற கடையில் வெறும் கட்டம் கட்டமாக வந்தது. ஃபாண்ட் ஏற்றித் தாளில் எடுத்துக் கொடுத்தேன். வலமிருந்து இடம் என்று சொல்லியும், முதல் பக்கத்தை இடமிருந்து வெட்டிவிட்டார்கள். வட்டத்தின் நடுவே கோடு போட்ட எழுத்துதான் குஸ்தின் முதல் எழுத்தான ‘க்’. வலது ஓரத்தில் இருக்க வேண்டியது இடது ஓரத்தில் உட்கார்ந்திருந்தது.

காட்டியதும் ஆச்சாரி வாதாடவில்லை. அந்த முகத்தையே தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி உளியால் கொத்தினார், கூடுதல் காசும் கேட்கவில்லை. அந்தப் பக்கம் மட்டும் ஒரு நூல் உள்வாங்கியிருக்கிறது, தடவினால் தெரியும். மெஷினில் போட்ட நேர்கோட்டு ஓரத்தைவிட அவர் கையால் வெட்டிய எழுத்துதான் அழகு.

மூலப் பீடங்கள் பெரும்பாலும் சுண்ணாம்புக்கல். நான் வாங்கியது கல்சட்டி செய்கிற மாவுக்கல், அரை அடி உயரம், 3,800 ரூபாய். கரித்துண்டு வைத்து இரண்டு மாதமாகக் குந்திரிக்கம் போடுகிறேன், விரிசல் இல்லை. பத்து நாள் என்று சொல்லி 24 நாள் இழுத்ததுதான் குறை. அப்புறம், வேண்டாம் என்று சொல்லியும் அடியில் பட்டறை போன் நம்பரை வெட்டியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து கவிழ்த்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

போகிறவர்கள் தாளில் அம்புக்குறி போட்டுக் கொடுங்கள். காலையில் போவது நல்லது, மத்தியானம் கட்டர் சத்தத்தில் பேச முடியாது.