குட்டிக்கு வேறு வீடு பார்த்துக் கொடுத்த கொளத்தூர்க் கடை

குட்டி, நாங்கள் நாலு வருஷமாக வளர்த்த காக்டீல் கிளி. அம்மாவுக்கு இளைப்பு வந்த பிறகுதான், இந்த இனம் சிறகிலிருந்து மாவு மாதிரி தூசி உதிர்க்கும் என்பதே உறைத்தது. டிவி மேல் விரலால் கோலமே போடலாம். ராயபுரத்தில் எங்களுக்கு இருப்பதோ ஒற்றைப் படுக்கையறை வீடு. கூண்டை எங்கே தள்ளி வைப்பது?

முதலில் போன கடையில் குட்டியை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "கூண்டோட ஐந்நூறு" என்றார்கள். திரும்பிவிட்டேன்.

கொளத்தூர் மீன் கடைகளுக்கு நடுவே இருக்கும் இந்தச் சின்னக் கடையில், பறவையை எடுத்துப்போக வருபவரைத்தான் கடைக்கார அண்ணன் குடைந்தெடுக்கிறார். வீட்டில் பூனை உண்டா? பகலில் யார் இருப்பார்கள்? நான்ஸ்டிக் வாணலி காய்ந்து புகைந்தால் பறவை செத்துவிடும், தெரியுமா? நம்மூர்ப் பச்சைக்கிளி என்றால் மட்டும் தொடவே மாட்டார். 1972 வனவிலங்குச் சட்டப்படி அதை வீட்டில் வளர்க்கவே கூடாது, வனத்துறையிடம் ஒப்படையுங்கள் என்று அனுப்பிவிடுகிறார்.

குறை இல்லாமல் இல்லை. ஆள் கிடைக்கும்வரை குட்டி கடையில் இருந்த பத்து நாள் தீனிக்கு 600 ரூபாய், ரசீது கிடையாது. கூண்டுகள் ஒன்றையொன்று இடிக்கின்றன. புதிதாக வரும் பறவையைத் தனியே வைக்க இடமில்லை. போனை எடுப்பதோ அபூர்வம். ஐந்துக்கு நாலு.

கடைசியில் பெரம்பூரில் ரிட்டயர் ஆன ரயில்வேக்காரர் ஒருவரும் அவர் மனைவியும் வாங்கிக்கொண்டார்கள். குக்கர் விசில் மாதிரியே அடிப்பான், அதை எண்ணி அடுப்பை அணைக்காதீர்கள் என்று சொல்லித்தான் கொடுத்தேன். நேற்று அந்த அம்மா போன் செய்தார். பருப்பு வேகவே இல்லையாம்.