எரிமலைப் பாறைக்குப் பாதரசத் துளைமானி: 60,000 பிஎஸ்ஐ கருவி ஒரு மதிப்பீடு

எண்ணெய், எரிவாயு தேங்கும் பாறையின் துளை அமைப்பை அறிய ஆய்வகங்கள் பெரும்பாலும் நாடுவது, பாதரசத்தை அழுத்திக் கல்லுக்குள் புகுத்தி அளக்கும் பாதரசத் துளைமானியைத்தான். மணற்கல்லுக்கு அது நன்றாகவே உழைக்கிறது. எரிமலைப் பாறைக்கும் வாங்கலாமா என்று கேட்டால், எந்தப் பாறை என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. ரியோலைட் (சிலிக்கா மிகுந்த எரிமலைப் பாறை) லாவா, இறுகிய டஃப் (எரிமலைச் சாம்பல் பாறை) என்றால் தாராளமாக வாங்கலாம். குமிழித் துளைகள் நிறைந்த பசால்ட் (கருநிற எரிமலைப் பாறை), பிரெச்சியா (உடைந்த கல்துண்டுகள் இறுகிய பாறை) என்றால் இதை மட்டும் நம்பித் தரம் பிரிக்கக் கூடாது.

இந்தக் கருவி அளப்பது துளையை அல்ல, துளைக்குள் நுழையும் கழுத்தை. அழுத்தம் ஏற ஏறப் பாதரசம் மேலும் குறுகிய கழுத்துகளுக்குள் புகும். வாஷ்பர்ன் சமன்பாடு அந்த அழுத்தத்தை விட்டமாக மாற்றித் தரும். இரண்டு மில்லிமீட்டர் குமிழி ஒன்று 0.05 மைக்ரான் கழுத்து வழியாக மட்டுமே திறந்திருக்கிறது என்று வையுங்கள். சுமார் 3,600 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்னும் அழுத்த அலகு) வரும்வரை அதற்குள் ஒரு சொட்டும் போகாது. அதன்பின் மொத்தக் கொள்ளளவும் 0.05 மைக்ரான் துளையாகவே பதிவாகும். வளைகோட்டைப் பார்த்து ‘எல்லாம் நுண்துளை’ என்று எழுதிவிடுவது இப்படித்தான் நேர்கிறது. அழுத்தத்தைக் குறைக்கும்போது கிடைக்கும் வளைகோட்டையும் கட்டாயம் பாருங்கள். உள்ளே போன பாதரசத்தில் பெரும்பங்கு வெளியே வராமல் சிக்கிக்கொண்டால், பெரிய துளைகளைச் சிறிய கழுத்துகள் அடைத்து நிற்கின்றன என்று சந்தேகிக்கலாம்.

எல்லைகளையும் தெரிந்துகொள்ள வேண்டும். பாதரசத்தின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 485 மில்லிநியூட்டன், அது கல்லைத் தொடும் கோணம் (தொடுகோணம்) 130 பாகை எனக் கொண்டால், கருவியின் உச்ச அழுத்தமான 60,000 பிஎஸ்ஐ சுமார் 3 நானோமீட்டர் வரை எட்டும். 140 பாகை என்றால் 3.6. இரண்டு ஆய்வகங்களின் அறிக்கைகளை ஒப்பிடும் முன் கோணத்தைச் சரிபார்ப்பது இதனால்தான். மறுமுனையில், 0.5 பிஎஸ்ஐயில் நிரப்பினால் சுமார் 360 மைக்ரானுக்கு மேல் வாய் திறந்த குமிழிகளும் விரிசல்களும் அப்போதே நிரம்பிவிடும். அவை துளைக் கணக்கில் வராது. ஹீலியம் வாயுவைச் செலுத்தி அளந்த துளைமையோடு (கல்லின் கொள்ளளவில் துளைகளின் பங்கு) ஒப்பிட்டால் அந்த இழப்பு வெளிப்படும்.

மாதிரி தயாரிப்பில்தான் பாதித் தவறுகள் நடக்கின்றன. 5 சிசி கல், 5% துளைமை என்றால் துளைக் கொள்ளளவு 0.25 சிசி. பெனட்ரோமீட்டரின் (கல்லை வைக்கும் கண்ணாடிக் கலம்) தண்டு, அதாவது புகும் பாதரசத்தை அளக்கும் குழாய், 1.1 சிசி என்றால் அதில் கால் பங்குகூடப் பயன்படாது, அளவீட்டில் இரைச்சல் மிகும். 0.4 சிசி தண்டு பொருந்தும். டஃபில் நீரைப் பிடித்து வைக்கும் கனிமங்களான ஜியோலைட், ஸ்மெக்டைட் (ஒரு களிமண் வகை) இருந்தால் 105 பாகை செல்சியஸில் உலர்த்தாதீர்கள். களிமண் கட்டமைப்பு சுருங்கி, இல்லாத துளைகள் தோன்றும். ஈரப்பதம் கட்டுப்படுத்திய அடுப்பில் 60 பாகை செல்சியஸ் போதும். இறுகிய லாவாவுக்கு ஒவ்வொரு அழுத்தப் படியிலும் 10 விநாடி காத்திருப்பு குறைவு. அவசரப்பட்டால் கழுத்துகள் உண்மையைவிடச் சிறியவையாகத் தெரியும். கண்ணாடியும் பாதரசமும் அமுங்குவதற்கான வெற்றோட்டத் திருத்தமும் (கல் இல்லாமல் ஓட்டிப் பார்த்த அளவைக் கழிப்பது) இத்தகைய கல்லில் பெரிய வித்தியாசம் செய்யும்.

துணைக்கு வேறு சோதனைகள் வேண்டும். 25 மில்லிமீட்டர் பிளக்கின் (உருளையாக வெட்டிய கல்) மைக்ரோ சிடி படம் (எக்ஸ் கதிரால் எடுக்கும் நுண் முப்பரிமாணப் படம்) குமிழிகளையும், கால்சைட், குளோரைட் போன்ற கனிமங்கள் அடைத்த குமிழிகளையும் பிரித்துக் காட்டும். ரியோலைட்டில் கண்ணாடி படிகமாகும்போது உருவான நுண்துளைகள் அதற்குத் தெரியாது. அங்கே பாதரசம் தனித்து மிளிர்கிறது. துளைத் திரவத்தின் காந்தச் சைகையை அளக்கும் என்எம்ஆர் சோதனை செய்வதானால், பசால்ட்டில் உள்ள காந்தக் கனிமமான மேக்னடைட், டி2 நேரத்தை (அந்தச் சைகை தேயும் நேரம்) குறுக்கிவிடும். எக்கோ இடைவெளியை (அடுத்தடுத்த சைகைகளுக்கு இடையிலான நேரம்) இயன்றவரை குறைக்க வேண்டும். நகரும் திரவத்தையும் நகராத திரவத்தையும் பிரிக்க மணற்கல்லுக்கு வைத்த 33 மில்லிவிநாடி வெட்டெல்லையை அப்படியே பொருத்தக் கூடாது.

பாதரசம் ஏறிய கல் வேறு சோதனைக்கு உதவாது, அபாயக் கழிவாகிவிடும். ஆகவே ஊடுருவு திறன் (கல் வழியே திரவம் பாயும் எளிமை), என்எம்ஆர், சிடி எல்லாம் முடிந்தபின் கடைசியாக இதைச் செய்யுங்கள். சோதனையை வெளியே கொடுப்பதானால் வரைபடத்தோடு நிற்காமல், திருத்தத்துக்கு முந்தைய அழுத்தம்-கொள்ளளவு அட்டவணை, வெற்றோட்டப் பதிவு, தண்டு எண் ஆகியவற்றையும் ஒப்பந்தத்திலேயே கேட்டுவிடுங்கள்.