முதல் செமஸ்டர்: ஒலியியலா, நாடகமா?

சித்தப்பா மகள் இந்த ஆண்டு பிரெஞ்சு இளங்கலையில் சேர்ந்திருக்கிறாள். மொரீஷியஸில் எங்கள் ரோஸ் ஹில்லில் மெட்ரோ ஏறினால் பல்கலை இருக்கும் ரெதுவியில் இறங்கிவிடலாம். அரசுப் பல்கலையில் முதல் பட்டத்துக்கு 2019 முதல் கட்டணமும் இல்லை. ஆகவே சித்தப்பாவுக்கும் சித்திக்கும் கவலை விட்டது. கவலையெல்லாம் அவளுக்குத்தான். போன ஞாயிறு சித்தியோடு வந்தவள், பாடப் பட்டியலை என் முன்னால் விரித்தாள். "அக்கா, கட்டாயப் பாடம் போக, மூன்று இடத்தில் இதுவா அதுவா என்று நாமே முடிவு செய்யணும். நீங்கள் சொல்லுங்கள்."

முதல் இடத்தில் இருந்தவை ஒலியியலும் பதினேழாம் நூற்றாண்டு நாடகமும். நாடகத்தை ஏற்கெனவே பென்சிலால் வட்டமிட்டிருந்தாள். "பள்ளிக் கடைசித் தேர்வு எச்.எஸ்.சி.க்குப் படித்ததுதானே அக்கா, மார்க் வரும்."

இதே கணக்கைப் போட்டுத்தான் நானும் அன்றைக்கு நாடகத்தை எடுத்தேன். இரண்டாவது வாரம் வகுப்பில் ஓர் அடியை வாய்விட்டு வாசிக்கச் சொன்னார்கள். அந்தக் காலத்துச் செய்யுள் நாடகத்தில் அடிக்குப் பன்னிரண்டு அசை, ஆறாவது அசைக்குப் பிறகு ஒரு நிறுத்தம். நான் வாசிக்க வாசிக்க ஆசிரியர் மேசையில் விரலால் தட்டிக்கொண்டே வந்தார். பத்தோடு அடி முடிந்துவிட்டது. மீதி இரண்டு அசையை நான் விழுங்கியிருந்தேன். பிரெஞ்சில் 'ஒரு' என்பதற்கான பெண்பால் சொல், பேச்சில் ஓரசைதான். செய்யுளில் அடுத்த சொல் மெய்யில் தொடங்கினால் கடைசி எகரத்தையும் ஒலித்து ஈரசையாக எண்ண வேண்டும். நாமோ பிரெஞ்சிலிருந்து பிறந்த நம் வீட்டுமொழி கிரியோலில் 'என்' என்று சொல்லிப் பழகியவர்கள். அந்த எகரம் நம் காதில் விழுந்ததே இல்லை.

இத்தனைக்கும் இது தமிழ் படித்தவருக்குப் புதிதே அல்ல. நம் குற்றியலுகரத்தின் ஒன்றுவிட்ட தம்பி அது. குற்றியலுகரம் அரை மாத்திரைக்கு ஒலிக்கும். பின்னால் உயிர் வந்தால் ஓடிவிடும். நாடு என்பதோடு எல்லாம் சேர்ந்தால் நாடெல்லாம் ஆகிறதே, அதே போக்கு. கோவில் வகுப்பில் ஒப்பித்த இலக்கணம் எனக்கு அந்த நேரத்தில் கைகொடுக்கவில்லை. வருஷம் கழித்து ஒலியியல் படித்தபோதுதான் உறைத்தது.

அதனால் என் ஓட்டு ஒலியியலுக்கு. நாடகத்தை மெட்ரோவில் உட்கார்ந்துகூட வாசித்துக்கொள்ளலாம், காதைத் தனியாக இருந்து திருத்திக்கொள்ள முடியாது. பிரெஞ்சில் மேலே என்பதற்கும் கீழே என்பதற்கும் உள்ள சொற்களைத் தமிழில் எழுதினால் இரண்டுமே 'தெசூ'தான். கீழே என்பதில் வருவது நம் 'ஊ'. மேலே என்பதற்கு நாக்கை 'ஈ' சொல்லும் இடத்திலேயே வைத்துக்கொண்டு உதட்டை மட்டும் 'ஊ'வுக்குக் குவிக்க வேண்டும். கிரியோலில் இந்த ஒலி 'இ'யாக மாறிவிட்டது. நிலா பிரெஞ்சில் 'லா லூன்', நமக்கு 'லலின்'. நம் பெயர்களும் இதற்குச் சாட்சி. இங்கே சுப்பிரமணியனின் 'சு'வுக்கு எஸ், ஓ, யூ என்று மூன்றெழுத்து போடுவார்கள். அந்த ஓ-வை எடுத்துவிட்டால் பிரெஞ்சுக்காரர் நம் தாத்தாவை வேறு மாதிரி கூப்பிடுவார்.

ஒலியியலிலும் குறை உண்டு, மறைக்கவில்லை. முதல் மூன்று வாரம் குறியீடு குறியீடாக மனப்பாடம், தூக்கம் வரும். நாடக வகுப்பில் கிடைக்கும் சுவை அதில் கிடைக்காது. ஆனால் நாளைக்கு எபேன் கால் சென்டரில் உட்கார்ந்தாலும் பள்ளியில் பாடம் நடத்தினாலும் முதலில் வெளியே தெரிவது வாய்தான்.

இரண்டாவது, மொழிபெயர்ப்பா இலக்கணமா. மொழிபெயர்ப்புதான் ஜோரான பாடம். தாய்மொழியிலிருந்து வேற்று மொழிக்குப் போவதை பிரெஞ்சில் 'தெம்' என்பார்கள், வேற்று மொழியிலிருந்து தாய்மொழிக்கு வருவதை 'வெர்சியோன்' என்பார்கள். தாள் ஆங்கிலத்துக்கும் பிரெஞ்சுக்கும் நடுவில். வீட்டில் கிரியோல், கோவிலில் தமிழ் என்று இருக்கும் நமக்கு எது தெம், எது வெர்சியோன்? இரண்டு கரையும் அடுத்த ஊர்தான்! சுவையான தலைவலி, ஆனால் கொஞ்சம் பிறகு வந்தால் நல்லது.

அவள் நோட்டைப் புரட்டியபோது 'நான் எழுதிய கடிதங்கள்' என்று ஒரு வாக்கியம் கண்ணில் பட்டது. கடிதங்கள் வினைக்கு முன்னால் வந்துவிட்டதால் 'எழுதிய' என்பதும் பெண்பால் பன்மைக்கு மாற வேண்டும். இவள் ஆண்பால் ஒருமையிலேயே விட்டிருந்தாள். கிரியோலில் பால் கிடையாது, காலத்துக்கோ ஆளுக்கோ வினை திரியாது. தி, பே, பூ என்று முன்னால் ஒரு துண்டு வைத்தால் காலம் மாறிவிடும். பால் மாறாட்டம் நமக்குச் சொந்த வியாதி. கிரியோலே கொஞ்சம் துப்பும் கொடுக்கும். மேசையை 'லத்தாப்' என்கிறோம், ஒட்டிக்கொண்ட 'ல' அது பெண்பால் என்று காட்டிக்கொடுக்கிறது. தண்ணீரை நம்பிவிடக் கூடாது: 'தீலோ' என்பது முன்னால் 'ல' ஒட்டாமல் ஆண்பால் போல நடிக்கும், பிரெஞ்சில் அது பெண்பால். இந்த நோட்டை வைத்துப் பார்த்தால் அவளுக்கு இலக்கணம்தான். ஒருமை பன்மையில் தடுமாறாத பிள்ளையாக இருந்தால் மொழிபெயர்ப்புக்கே போகச் சொல்லியிருப்பேன்.

மூன்றாவது இடத்தில் இந்தியப் பெருங்கடல் தீவுகளின் பிரெஞ்சு இலக்கியமும் கிரியோல் மொழியியலும். தீவு இலக்கியம் பெருமையான பாடம்தான். 1788-லேயே பாரிஸ்காரர்கள் கண்ணீர் விட்டு வாசித்த 'போல் எ விர்ஜினி' நாவலின் களம் நம் தீவு. 2008-இல் நோபல் வாங்கிய எழுத்தாளர் லெ கிளேசியோவின் குடும்பத்துக்கும் இங்கேதான் வேர். இருந்தாலும் நான் கிரியோலைத்தான் காட்டினேன். 2011-இல் எழுத்துமுறை வகுத்து, 2012-இல் ஆரம்பப் பள்ளிக்குள்ளேயே வந்துவிட்ட மொழி. அவளுடைய பிரெஞ்சில் எந்தப் பிழை எங்கிருந்து வருகிறது என்று அந்தப் பாடம் சொல்லிவிடும்.

சித்திக்குத்தான் பொறுக்கவில்லை. "வீட்டில் பேசுவதைப் படிக்க ரெதுவி வரைக்கும் போகணுமா?" அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது, ஆனால் அதற்குள் காபி வந்துவிட்டது.

நாடகத்தின்மேல் போட்ட வட்டத்தை அவள் அழிக்கவும் இல்லை, ஒலியியலை வட்டமிடவும் இல்லை. கிளம்பும்போது வாசல் கண்ணாடி முன்னால் நின்று, 'ஈ' என்று பல்லைக் காட்டி, அப்படியே உதட்டைக் குவித்துப் பார்த்தாள்.

"என்னடி, பல் வலியா?" என்றார் சித்தி.