நீள வீட்டுக்கு ஒரு 5 போர்ட் ஸ்விட்ச்

டிபி-லிங்க் எல்எஸ்1005ஜி. 5 போர்ட் கிகாபிட் ஸ்விட்ச், அதாவது ஒரு நெட்வொர்க் கேபிளில் வருவதைப் பல கருவிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் சின்னப் பெட்டி. போர்ட் என்பது கேபிள் செருகும் துளை, கிகாபிட் என்றால் 1000 எம்பிபிஎஸ் வேகம். கும்பகோணத்தில் வாங்கி வந்து பாபநாசத்தில் எங்கள் வீட்டுக் கொல்லைப்பக்க அறையில் மாட்டியிருக்கிறேன். இதில் செட்டிங் என்று எதுவுமே கிடையாது. கேபிளைச் செருகினால் விளக்கு எரியும், வேலை முடிந்தது.

எதற்கு வாங்கினேன் என்றால், வீட்டின் அமைப்பு அப்படி. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுக்களை, கொல்லை என்று ரயில் மாதிரி நீளும். சுவரெல்லாம் ஒன்றரை அடிச் செங்கல். ஃபைபர் பெட்டி ரேழியில் இருக்கிறது. அதன் வைஃபை முற்றம் தாண்டுவதற்குள் மூச்சு வாங்கிவிடும். பெண் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பது கொல்லைப்பக்க அறையில்தான், காற்று வருவது அங்கேதான். சிசிடிவி ரெக்கார்டரும் பழைய கம்ப்யூட்டரும் அங்கேயே. ரேழியிலிருந்து ஒரு கேபிள் இழுத்து, கடைசியில் அதை மூன்றாகப் பிரிக்க வேண்டும்.

கடைத் தம்பி முதலில் நீட்டியது ரவுட்டரை. "சார், இதுல வைஃபையும் வரும், கேபிளும் குத்திக்கலாம்." வரும், சரி. ஆனால் வீட்டை இன்டர்நெட்டோடு இணைப்பதையும் ஒவ்வொரு கருவிக்கும் ஐபி முகவரி (நெட்வொர்க்கில் அதன் விலாச எண்) கொடுப்பதையும் ஃபைபர் பெட்டியே செய்துகொண்டிருக்கிறது. அதன் பின்னால் இன்னொரு ரவுட்டரை அப்படியே செருகினால் வீட்டுக்குள் இரண்டு நெட்வொர்க் ஆகிவிடும். கூடத்து டிவியிலிருந்து கொல்லை ரெக்கார்டரைப் பார்க்க முடியாது. அந்த ரவுட்டரில் டிஹெச்சிபியை (ஐபி முகவரி கொடுக்கும் வேலையை) அணைத்து, அதன் ஐபியை மாற்றி, இன்டர்நெட்டுக்கான வேன் (WAN) போர்ட்டை விட்டு வீட்டுக் கருவிகளுக்கான லேன் (LAN) போர்ட்டில் செருகினால் தொந்தரவு இல்லை. அதற்குப் பரணில் கிடக்கும் பழைய ரவுட்டர் போதுமே.

பக்கத்து வீட்டு மாமா ஒரு பழைய ஹப்பைக் கொடுத்து, "காசைக் கரியாக்காதீங்க" என்றார். அதையும் போட்டுப் பார்த்தேன். ஹப்புக்கு யாருக்கு எது என்ற விவரம் தெரியாது. ஒரு போர்ட்டில் வந்ததை மற்ற எல்லாவற்றிலும் திருப்பி அனுப்பும். ஒரே நேரத்தில் இரண்டு கருவிகள் பேசினால் மோதல், இரண்டும் நிறுத்தி மறுபடி அனுப்ப வேண்டும். அதுவும் 10 எம்பிபிஎஸ் காலத்துப் பெட்டி. ரெக்கார்டரிலிருந்து வீடியோவைக் கம்ப்யூட்டருக்கு எடுக்கும்போதெல்லாம் உள்ளேயிருந்து "அப்பா, கால் கட் ஆகுது" என்று சத்தம் வரும். மாமாவிடம் நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்தாயிற்று.

ஸ்விட்ச் எந்த போர்ட்டில் எந்த மேக் முகவரி (ஒவ்வொரு கருவிக்கும் உள்ள அடையாள எண்) என்று தானே கற்றுக்கொண்டு, அந்தந்த வாசலுக்கு மட்டும் அனுப்புகிறது. இப்போது வீடியோ காப்பி ஓடும்போதே மீட்டிங்கும் நடக்கிறது.

வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியது, பெயரில் கடைசி எழுத்தான ஜி. அது இல்லாமல் எல்எஸ்1005 என்றே இன்னொன்று இருக்கிறது, அது 100 எம்பிபிஎஸ். 200 எம்பிபிஎஸ் பிளான் வைத்துக்கொண்டு அதைப் போட்டால் பாதி வேகம் அங்கேயே நின்றுவிடும். ஐந்தில் ஒரு போர்ட் ரேழிக் கேபிளுக்குப் போய்விடும், மிச்சம் நாலு. போஇ (PoE, கேபிள் வழியே கரண்ட் கொடுக்கும் வசதி) கிடையாது, கேபிள் வழியே கரண்ட் எடுக்கும் ஐபி கேமராவுக்கு இது உதவாது. மெட்டல் பாடி வேண்டுமானால் எல்எஸ்105ஜி.

கேபிளில் மிச்சம் பிடிக்காதீர்கள். மலிவாக விற்பது பெரும்பாலும் அலுமினியத்தின்மேல் செம்பு பூசியது. முழுச் செம்பு கேட்6 (Cat 6) கேபிள் என்று கேட்டு வாங்குங்கள். 100 மீட்டர் வரை தாங்கும், எந்தத் தெருவீட்டுக்கும் தாராளம். கட்டாயம் பைப்புக்குள் விடுங்கள். அறுவடை முடிந்தால் எலிக்கு நம் வீடுதான். அப்புறம், ஐப்பசி, கார்த்திகையில் இடி இறங்கும்போது அடாப்டரைப் பிடுங்கினால் மட்டும் போதாது. வெளிக் கேமரா கேபிள் இருந்தால் அதையும் கழற்றி வையுங்கள், மின்னல் அந்த வழியாகவும் வரும்.