வாழைப்பழத்துக்குக் கோட்டாவா, வெறும் வரியா? ஐரோப்பா எடுத்த முடிவு

1993 ஜனவரியில் ஐரோப்பிய நாடுகள் தங்களுக்குள் இருந்த சுங்கத் தடைகளை எடுத்துவிட்டன. மற்ற சரக்கெல்லாம் எல்லை தாண்டி ஓடியது. வாழைப்பழம் மட்டும் முரண்டு பிடித்தது. ஏனென்றால் நாட்டுக்கு ஒரு வழக்கம். ஜெர்மனி 1957 ரோம் ஒப்பந்தத்திலேயே தனிச் சலுகை வாங்கி, லத்தீன் அமெரிக்கப் பழத்தை வரியில்லாமல் இறக்கிக்கொண்டிருந்தது. பிரான்ஸ் கரீபியன் கடலில் உள்ள தன் தீவுகளான மார்த்தினிக், குவாதலூப் பழத்துக்கும், பிரிட்டன் கரீபியன் பழத்துக்கும், ஸ்பெயின் கேனரித் தீவுப் பழத்துக்கும் சந்தையைக் காத்து வைத்திருந்தன.

ஜெர்மனி கேட்டது திறந்த கதவு. வாங்குகிறவருக்கு அது நல்லதுதான். ஆனால் கரீபியன் தீவு நாடான செயிண்ட் லூசியாவில் மலைச்சரிவில் கொஞ்சம் நிலம் வைத்திருக்கும் குடும்பம், தார் வெட்டி, சீப்புப் பிரித்து, கழுவிப் பெட்டியில் அடுக்கி அனுப்புகிறது. ஈக்வடார் சமவெளித் தோட்டத்து விலைக்கு அதனால் விற்கவே முடியாது. அந்தக் குடும்பத்தை மறந்த எந்தத் திட்டத்தையும் என்னால் ஏற்க முடியாது.

ஜெயித்தது கோட்டா, அதாவது குறைந்த வரியில் இவ்வளவுதான் இறக்கலாம் என்ற அளவு வரம்பு. 1993 ஜூலையில் வந்த சட்டப்படி, லத்தீன் அமெரிக்கப் பழம் 20 லட்சம் டன் வரை டன்னுக்கு 100 எக்யு (யூரோவுக்கு முன்பு இருந்த ஐரோப்பியக் கணக்கு நாணயம்) வரி, அதற்கு மேல் 850. கரீபியன், ஆப்பிரிக்க நாடுகளின் வழக்கமான வரத்துக்கு வரியே இல்லை. சரி, இதுவரை நியாயம் போலத்தான் தெரிகிறது. சிக்கல் லைசென்ஸில். லத்தீன் அமெரிக்கப் பழம் இறக்கும் லைசென்ஸில் 30 சதவீதம், ஐரோப்பிய, கரீபியன், ஆப்பிரிக்கப் பழம் விற்றுவந்த வணிகர்களுக்குப் போனது. வரத்து குறைவு, விலை அதிகம். அந்த லாபம் லைசென்ஸ் வைத்திருந்தவர் கைக்குத்தான் முதலில் போனது. தார் சுமந்தவருக்குக் கிடைத்தது மிச்சம்.

ஜெர்மனி வழக்குப் போட்டு 1994-இல் தோற்றது. அமெரிக்காவும் சில லத்தீன் அமெரிக்க நாடுகளும் உலக வர்த்தக அமைப்பில் தொடுத்த வழக்கில் 1997-இல் ஐரோப்பாவே தோற்றது. அதன்பிறகும் ஐரோப்பா சரியாகத் திருந்தவில்லை என்று 1999-இல் அமெரிக்கா 19 கோடி டாலருக்கும் மேலான ஐரோப்பியச் சரக்குக்கு 100 சதவீத வரி போட்டது. வாழைப்பழத்தோடு சம்பந்தமே இல்லாத கைப்பை, படுக்கை விரிப்புக்காரர்கள் அடிவாங்கினார்கள்.

லத்தீன் அமெரிக்கப் பழத்துக்கு அளவு வரம்பில்லாமல் வெறும் வரி என்ற வழிக்கு ஐரோப்பா வந்தது 2006-இல்: டன்னுக்கு 176 யூரோ. 2009 ஜெனீவா ஒப்பந்தம் அதைப் படிப்படியாக 114-க்குக் குறைத்தது. இதில் லைசென்ஸ் பேரம் இல்லை. வரிப் பணம் பொதுக் கருவூலத்துக்கு வருகிறது. ஆனால் வரி மட்டும் போதாது, விவசாயிக்கு நேரடி உதவியும் சேரவேண்டும். இது புது யோசனையும் அல்ல. மார்த்தினிக், கேனரி விவசாயிகளுக்கு 1993 சட்டமே வருமான இழப்பீடு கொடுத்தது. கரீபியன் விவசாயிக்கோ உதவி பெரும்பாலும் லைசென்ஸ் வழியாகச் சுற்றித்தான் வந்தது.

2009-க்கு அப்புறம் கரீபியன், ஆப்பிரிக்க நாடுகளுக்கு 19 கோடி யூரோ ஒதுக்கினார்கள். அதற்குள் செயிண்ட் லூசியாவிலும் இன்னொரு கரீபியன் தீவான டொமினிக்காவிலும் பெரும்பாலோர் வாழையை விட்டுவிட்டார்கள்.