மூன்றரை ஸ்டார்: சமரசம் சரி, சுவர்தான் சரியில்லை

பூர்வீக வீட்டுப் பாகத் தகராறுக்காகக் காரைக்குடியில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் நான்கு முறை உட்கார்ந்து எழுந்தோம். பெயர் வேண்டாம், காரணம் கீழே.

இரண்டு தரப்புக்கும் தனித்தனி வக்கீல், நடுவில் ஒரு சமரசர். கோர்ட்டுக்குப் போகாமல் பேசித் தீர்ப்போம் என்று முதலிலேயே கையெழுத்து. பேச்சு முறிந்தால் இரண்டு வக்கீல்களும் விலகிக்கொள்ள வேண்டும், வழக்குப் போட வேறு ஆளைத்தான் பார்க்கணும். 1990-ல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஒரு வக்கீல் தொடங்கிய முறை. எனக்குப் பிடித்தது இதுதான்: என் மனசில் இருப்பதையெல்லாம் கேட்டுக்கொண்ட வக்கீலே நாளைக்கு எதிரில் நின்று குறுக்கு விசாரணை செய்ய மாட்டார்.

இரண்டாம் நாள் சித்தப்பா, யாரும் கேட்காமலே, முகப்பில் கழற்றி வைத்திருந்த இரண்டு பர்மா தேக்குக் கதவுகளை முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடைக்குப் போட்டுவிட்டதாகச் சொல்லி, "தப்புத்தான்" என்றார். என் தம்பி மெதுவாகப் போனை எடுத்தான். சமரசர் பார்த்துவிட்டார். "தம்பி, அதைக் கவிழ்த்து வைங்க." அப்புறம் விளக்கினார்: இங்கே கேட்ட மன்னிப்பு, ஒப்புக்கொண்டது, இவ்வளவு விட்டுத் தருகிறேன் என்றது எதையும் கோர்ட்டில் சாட்சியமாக்க முடியாது என்கிறது 2023 மத்தியஸ்தச் சட்டம், ரெக்கார்டிங்குக்கும் அதில் தடை. பேச்சு தோற்றால் சமரசர் "முடியவில்லை" என்று மட்டும்தான் எழுதலாம் என்று உச்ச நீதிமன்றமே 2010-ல் மோதி ராம் வழக்கில் சொல்லிவிட்டது. ஆனால் பத்திரம், விற்ற ரசீது மாதிரி ஏற்கெனவே வெளியே இருப்பவை, இந்த மேஜையில் காட்டிவிட்டதால் ரகசியமாகிவிடாது. தம்பிக்கு முகம் தெளிந்தது.

சரி, குறைக்கு வருகிறேன். அந்த அறைக்குத் தடுப்பு பிளைவுட், அதுவும் கூரை வரை போகவில்லை. வெளியே பெஞ்சில் ஏதோ பத்திர வேலையாக எங்கள் தெரு ஆச்சி ஒருவர் உட்கார்ந்திருந்திருக்கிறார். அன்று சாயங்காலம் பள்ளத்தூரில் ஒரு விசேஷ வீட்டில், இலை போடுவதற்குள், "கதவு என்ன விலைக்குப் போச்சாம்?" என்று அம்மாவிடம் விசாரிக்கிறார்கள். சித்தப்பா அடுத்த அமர்வுக்கு வரவே மாட்டேன் என்றார். நாலு பக்க ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு சுவர் எழுப்பத் தெரியாதா! இத்தனைக்கும் சிங்கப்பூரிலிருந்து வீடியோவில் வந்த அண்ணனை, பக்கத்தில் யாரும் இல்லையென்று போனைச் சுற்றிக் காட்டச் சொன்னவர்கள் இவர்கள்.

சண்டை போட்ட பிறகு மாடி அறை கொடுத்தார்கள், அங்கேதான் முடிந்தது. போகிறவர்கள் முதல் நாளே மாடியைக் கேளுங்கள். ஏசி கிடையாது, பழைய ஃபேன் கடகடவென்று சத்தம் போடும், அது நல்லதுதான்.